ஒற்றைப் பிரதி

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், 1954இல் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பழைய அகராதியைக் கண்டெடுத்தார். அந்தாவோ தெ புரோயென்சா என்ற யேசுசபைத் துறவி தொகுத்த தமிழ் – போர்த்துக்கேய அகராதி அது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. ஏட்டுச்சுவடி அல்ல, அச்சு நூல்; ஒன்றுக்குப் பல படிகள் இருந்திருக்கும். ஆனாலும் இருநூற்றெழுபத்தைந்து ஆண்டுகளில் அது தமிழர் நினைவிலிருந்தே மறைந்து, உரோமாபுரியின் ஓர் அலுமாரிக்குள் ஒடுங்கிப் போயிருந்தது. அடிகள் அதை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதன்பின் அந்த நூலின் ஆயுள் எந்த ஒரு கட்டடத்தின் ஆயுளையும் நம்பியிருக்கவில்லை. அவர் 1980 செப்டெம்பரில் காலமானார். ஒன்பது மாதம் கழித்து யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் படி இருந்தவை ஒருவகை இழப்பு. படியே இல்லாதவை இன்னொரு வகை இழப்பு. இரண்டாவதற்கு ஈடு இல்லை.

பல்கலைக்கழக மாணவரிடையே கட்டற்ற மென்பொருளைப் பரப்ப முனைவோர், படி பெருகினால்தான் நூல் பிழைக்கும் என்று சொல்லும் இந்த வரலாற்றைத் தொடுவதில்லை. விலையைத்தான் பேசுகிறார்கள்: காசு கொடுக்கத் தேவையில்லை, உரிமக் கட்டணம் மிச்சம். யாழ்ப்பாணத்தில் இந்த வாதம் எடுபடாமல் போனதில் வியப்பில்லை. 2002 போர்நிறுத்தத்தோடு கணினி வகுப்புகள் பெருகியபோது, உரிமம் உடைத்த மென்பொருள்கள் இறுவட்டில் சொற்பக் காசுக்குக் கிடைத்தன. ஏற்கெனவே சும்மா கிடைப்பதைச் சும்மா தருகிறேன் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்? ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே இந்தக் குழப்பத்துக்கு நியாயமுண்டு. நமக்குக் ‘கட்டற்ற’ என்றும் ‘இலவச’ என்றும் இரண்டு சொற்கள் கைவசம் இருந்தும் குழம்பிக்கொண்டோம். உடைத்த மென்பொருளை ஓட்டலாம்; திறந்து பார்க்க முடியாது, நமக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, மாற்றியதை இன்னொருவருக்கு வெளிப்படையாகக் கொடுக்கவும் முடியாது. தீவகத்து மாணவருக்கு இழப்பு விலையில் இல்லை, இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பதே என் கட்சி.

திறந்து பார்த்து மாற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தது 1983 செப்டெம்பர் 27இல், கறுப்பு ஜூலை முடிந்து இரண்டே மாதத்தில். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆவது வயதில் லினக்ஸ் கருவை வெளியிட்ட 1991இல், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோட, அந்த மக்களில் பலர் குடாநாட்டில் இடம்பெயர்ந்து இருந்த காலம் அது. பொருளாதாரத் தடையால் பற்றரிக்குத் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டைனமோவைச் செய்தவன் அது வானொலிக்கு என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கழற்றக் கூடாது என்று பூட்டியும் வைக்கவில்லை. பூட்டி வைத்திருந்தால் செய்தி கேட்டிருக்க முடியாது.

கணினியில் தமிழ் வந்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அச்சகங்களில் நிலைத்தது பாமினி எழுத்துரு. பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை ஒழுங்கையே அது பின்பற்றியதால் தட்டச்சுக் கற்ற கைகளுக்கு இலகுவாக இருந்தது. ஆனால் அது தமிழ் எழுத்தைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதற்குத் தமிழ் முகமூடி போட்டது. ‘தமிழ்’ என்று அடித்த சொல்லைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பீ, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். தேடினால் கிடைக்காது. அகர வரிசைப்படுத்த முடியாது. தீவகத்துக் கோயில்களின் கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை ஆண்டு மலர்களும் அந்தியேட்டி நினைவு மலர்களும் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கப்பட்டன. ஊர் வரலாறு பெரும்பாலும் இந்த மலர்களில்தான் இருக்கிறது. வேறு யார் எழுதினார்கள்? பேஜ்மேக்கருக்கு 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு புதிய பெரும் பதிப்பு நின்றுபோனது.

கட்டற்ற வழியில் வந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் கோல்ன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த மாக்னஸ் மன்ஸ்கே விக்கிப்பீடியாவுக்காக எழுதிய நிரலிலிருந்து மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருள் வளர்ந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா அதன்மேல் எழுந்தது. அதை வளர்த்தெடுத்த முன்னோடி மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். 2005இல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் காக்கத் தொடங்கிய நூலகம் திட்டமும் அதே மென்பொருளைத்தான் எடுத்தாண்டது. தமிழ் இடைமுகம் வேண்டுமென்று எந்த நிறுவனத்துக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கவில்லை. நயினாதீவிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சிதறிய குடும்பங்கள் இன்று ஊர் மலர்களை வீட்டிலிருந்தே புரட்டுகின்றன. கோலாலம்பூரில் அடிகள் ஒரு நூலுக்குச் செய்ததை இப்போது பல்லாயிரம் நூல்களுக்குச் செய்ய முடிகிறது.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைக்கு வேலைதான் முதற்கவலை. கொழும்பு அலுவலகங்கள் கேட்கும் மென்பொருளை அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மென்பொருளின் பட்டியல்களை மனப்பாடம் செய்வது வேறு, கணினியை அறிவது வேறு. பேஜ்மேக்கரை மட்டும் கற்றவர் நிலை என்னவாயிற்று என்பது கண்முன் இருக்கிறது. இலங்கையிலேயே சான்றும் உண்டு: 2004 சுனாமிக்குப் பின் சில வாரங்களில் இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘சஹானா’ பேரிடர் மேலாண்மை மென்பொருள் வேறு நாடுகளுக்கும் போனது, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது.

இன்னொரு மறுப்பு என்னை உண்மையிலேயே தயங்க வைக்கிறது. தன்னார்வப் பணிக்கு ஆள் நிலைப்பதில்லை. தமிழாக்கங்கள் பாதியில் நிற்கின்றன. சில தமிழாக்கங்கள் மொழிபெயர்த்தவருக்கே விளங்குமா என்பது சந்தேகம். பட்டம் பெற்றதும் மாணவர் போய்விடுகிறார்கள், பலர் நாட்டை விட்டே. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: பாதியில் நின்ற வேலையை அடுத்து வருபவர் அதே இடத்திலிருந்து தொடங்க முடிகிறது. கைவிடப்பட்ட பேஜ்மேக்கரை அப்படி யாரும் தொடர முடியவில்லை.

அதன் கோப்பை வெளியிலிருந்து உடைக்கத்தான் முடிந்தது. கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸின் 2015இல் வந்த 4.4 பதிப்பு பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டது. அந்தக் கோப்பு வடிவத்தை ஆராய்ந்து அதற்கான நிரலை எழுதும் வேலை தொடங்கியது, கூகுளின் கோடைகாலத் திட்டத்தில் சேர்ந்த ஒரு மாணவரின் விடுமுறைப் பணியாக. பழைய கும்பாபிஷேக மலர் ஒன்றின் கோப்பை இன்று அதில் இட்டால் எழுத்துகள் திரையில் வரக்கூடும். ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதைத் தமிழாக்கும் வேலை பாமினி தெரிந்தவரிடம்தான் வந்து நிற்கும்.