கரிப்புகை அடுப்பில் கோழி சமைத்தல்

கரிப்புகை அடுப்பில் கோழி சமைத்தல் என்பது, மசாலா தடவி ஊறவைத்த கோழியை மூடியுள்ள அடுப்பில் வைத்து, அடுப்புக்கரியின் மிதமான வெப்பத்திலும் விறகுப் புகையிலும் மெதுவாக வேகவைக்கும் முறையாகும். இதில் கோழி தணலுக்கு நேர் மேலே வைக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டு உணவகங்களில் 'கிரில் சிக்கன்' என்ற பெயரில் விற்கப்படும் கோழி பெரும்பாலும் எரிவாயுவிலோ மின்வெப்பத்திலோ சுழன்று வேகுவது. அது வேறு முறை. (இக்கட்டுரையில் கரி என்பது அடுப்புக்கரியையும், கறி என்பது இறைச்சியையும் குறிக்கும்.)

வேலூர், ஆம்பூர்ப் பகுதியில்

மூடிய அடுப்பில் புகையூட்டிச் சமைப்பது இப்பகுதிக்குப் புதிய பழக்கமே. ஆயினும் கரித்தணலைக் கையாளும் கலை இங்குப் பழையது. பாலாற்றங்கரையில், 2019 வரை வேலூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அடங்கிய ஆம்பூர், தோல் தொழிலுக்கு அடுத்தபடியாகப் பிரியாணிக்குப் பெயர் பெற்றது. சீரகச் சம்பா அரிசியும் கறியும் சேர்ந்த பின், அடியில் விறகுத் தீயைத் தணித்து, மூடியின் மேல் கரித்தணலைப் பரப்பித் 'தம்' போடுவது அங்குள்ள வழக்கம். மேலும் கீழும் மிதமான வெப்பம், நீராவி வெளியேறாத மூடி, இடையில் திறந்து பார்க்காத பொறுமை ஆகியவையே அதன் அடிப்படை. கரிப்புகை அடுப்புக்கும் பெரும்பாலும் இவையே வேண்டும். முதன்முறை சமைப்பவர் தவறுவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதில்தான்.

அடுப்பும் கரியும்

தமிழ்நாட்டில் கிடைக்கும் அடுப்புக்கரியில் பெரும்பகுதி சீமைக்கருவேல மரத்திலிருந்து கிடைப்பது. இராமநாதபுரம் முதலிய தென்மாவட்டங்களில் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, மிகக் குறைந்த காற்றில் எரித்து இதைச் செய்கின்றனர். இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். நன்கு கரியான விறகில் புகை மிகக் குறைவு. எனவே புகைமணம் வேண்டுமெனில் தணலின் மேல் காய்ந்த கொய்யா, மா போன்ற மரங்களின் சிறு துண்டுகளை இடவேண்டும். மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து உண்டாகும் குவையாகால், சிரிங்கால் ஆகிய சேர்மங்களே புகைமணத்துக்குக் காரணம்.

வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை ஆகியவற்றை எரிக்கக்கூடாது. தோல் தொழிற்பகுதியில் எளிதாகக் கிடைக்கும் தோல் கழிவுகளை எரியூட்டவும் பயன்படுத்தக்கூடாது. குரோமியம் கொண்டு பதனிட்ட தோல் எரியும்போது, நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைதிறன் குரோமியம் உருவாகக்கூடும்.

ஊறவைத்தல்

தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவை வழக்கமான ஊறல் பொருட்கள். இவற்றுள் இறைச்சியின் உள்ளே ஓரளவு ஆழமாகச் செல்வது உப்பே. மணப்பொருட்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. தடிமனான இடங்களில் கீறிவிடுவது இதனால்தான். ஊறவைக்கும் பாத்திரம் குளிர்பெட்டியில் இருக்கவேண்டும். பச்சைக் கோழியை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 பாகை செல்சியசைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைக்கக்கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூருக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும்.

சமைக்கும் முறை

கரியைப் பற்றவைத்து, அதன் மேல் சாம்பல் பூக்கும் வரை காத்திருந்து, பின் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் வாடை கறியில் ஏறும். கோழி மறுபக்கத்தில் வைக்கப்படுகிறது. அடுப்பின் உள்வெப்பம் 120 முதல் 150 பாகை வரை இருப்பது நன்று. அதனினும் குறைந்தால் தோல் ரப்பர் போலாகும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது காற்றே அன்றிக் கரியின் அளவு மட்டுமன்று. மேல் துளையைத் திறந்து வைத்து, கீழ்த்துளையைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ வெப்பத்தைச் சரிசெய்வர். மூடியைத் திறந்தால் உள்வெப்பம் வெளியேறும். அதே நேரத்தில் கரிக்குக் காற்று கிடைத்துத் தணல் சீறும். அடிக்கடி திறப்பவருக்கு வெளியே கருகி உள்ளே வேகாத கோழி கிடைப்பது இதனால்தான். அடர்ந்த வெண்புகை கசப்பைத் தரும். மெல்லிய நீலநிறப் புகை வரும்போதே கோழியை வைக்கவேண்டும். தொடைத் துண்டுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமும், முழுக்கோழிக்கு அதனினும் கூடுதலாகவும் ஆகும்.

வெந்ததை அறிதல்

இம்முறையில் நிறத்தை நம்ப இயலாது. மிளகாய்த்தூள் தடவிய மேற்புறம் வெகு விரைவில் சிவந்து, வெந்தது போல் தோன்றும். உட்புறமோ இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதத்துடன் சேர்வதால், முழுதும் வெந்த கோழியிலும் தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பு வளையம் நிலைத்திருக்கும். ஆகவே சிவந்ததெல்லாம் வெந்ததும் அன்று, இளஞ்சிவப்பெல்லாம் பச்சையும் அன்று.

நம்பத்தக்க வழி வெப்பமானியே. அதன் முனையைத் தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் செருகி, 74 பாகை செல்சியசு காட்டுகிறதா எனப் பார்க்கவேண்டும். அந்த வெப்பத்தில் சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் முதலிய நோய்க்கிருமிகள் அழிகின்றன. பாதுகாப்புக்கு இது போதும். ஆனால் தொடைக்கறி 80 பாகையைத் தாண்டிய பின்னரே நன்கு மென்மையாகும். பச்சைக் கோழி ஊறிய மசாலாவைக் கொதிக்கவைக்காமல் வெந்த கோழியின் மேல் தடவக்கூடாது.

நச்சு வாயு

எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. இது இரத்தத்தின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது. புகை அடங்கிய தணல் தீங்கற்றது என்று கருதுவது தவறு. புகை கண்ணை உறுத்தி எச்சரிக்கும், இவ்வாயு எச்சரிக்காது.

2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர்கள் கரியடுப்பில் கோழி சமைத்தனர். பின்னர் அணையாத அடுப்பு இருந்த அறையில் உறங்கிய இருவர் மூச்சுத்திணறி இறந்தனர். குளிர்ந்த மலைப்பகுதிகளில் அடுப்பைக் குளிர்காயவும் பயன்படுத்தும் எண்ணம் எளிதில் எழும். ஆம்பூருக்கு அருகிலுள்ள ஏலகிரிக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும். அறை, கூடாரம், மூடிய வண்டி ஆகிய எதனுள்ளும் கரியடுப்பை வைக்கக்கூடாது. சன்னலைத் திறந்து வைப்பது போதிய காப்பு அன்று.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிசன் அளவிக்கு இவ்வாயுவைப் பிரித்தறியத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் அது இயல்பான எண்ணையே காட்டக்கூடும்.

சமையல் முடிந்ததும் துளைகள் அனைத்தையும் மூடினால் கரி மெல்ல அணையும். சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிருடன் இருக்கும் என்பதால், அடுப்பை மறுநாள் காலை வரை வெளியிலேயே விட்டுவைப்பர். எஞ்சிய கரியை அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம்.