‘சாண்டோ’ பட்டம் முதல் பதிவேடு வரை: உடற்பயிற்சி ஆசிரியர் தகுதி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை அறிந்தோர்க்குச் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் (1915-1978) என்னும் பெயர் புதியதன்று. அப்பெயரின் முன் நிற்கும் ‘சாண்டோ’ ஊர்ப்பெயரும் அன்று. குடும்பப் பெயரும் அன்று. பிரஷ்யாவில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ (1867-1925) என்னும் உடல்வலிமைக் கலைஞரின் பெயரே அது. தேகப்பயிற்சியால் உடலை உரமாக்கிக் கொண்ட தமிழர் பலருக்கு அப்பெயர் பட்டமாக வழங்கலாயிற்று. அப்பட்டத்தை அளித்த கல்லூரி ஏதுமில்லை. அதற்குத் தேர்வும் இல்லை. ஊரார் கண்டு வியந்து கொடுத்த பட்டம் அது.

ஒருவருடைய உடலை மற்றொருவர் பயிற்றுவிக்கத் தகுதியுடையவர் என்பதை யார் முடிவு செய்வது? எதைக் கொண்டு முடிவு செய்வது? கடந்த இரு நூற்றாண்டுகளில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் பல. பள்ளியிலும் மருத்துவமனையிலும் தெளிவான விடை கிடைத்த பின்னரும், கட்டணம் வாங்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் அது நெடுங்காலம் கிடைக்காமற் போனது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலே சான்று

சாண்டோ 1897ஆம் ஆண்டு இலண்டனில் உடல்வளக் கலை நிலையம் ஒன்றைத் திறந்தார். அடுத்த ஆண்டு அக்கலைக்கென ஓர் இதழையும் தொடங்கினார். 1901இல் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டி பரவலாகப் பேசப்பட்டது. 1904-1905 காலப்பகுதியில் அவர் மேற்கொண்ட கீழைநாட்டுப் பயணத்தில் இந்தியாவும் இடம்பெற்றது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் உடல்வளக் கலைப் பேராசிரியராக அவரை நியமித்தார். எனினும், மாணவரை அவரிடம் ஈர்த்தவை அவருடைய தோள்களும் அவற்றைக் காட்டிய நிழற்படங்களுமே எனலாம்.

பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்திய கே.வி. ஐயரின் நிலையும் இதனை ஒத்ததே. அவர் அஞ்சல் வழியாகவும் உடற்பயிற்சி கற்பித்தார், நூல்களும் எழுதினார். அவருடைய கட்டமைந்த உடலைக் காட்டும் படங்களே அந்நூல்களின் முதற் சான்றாக விளங்கின.

இம்முறையில் ஒரு நியாயம் உண்டு. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றைத் தாமே பல்லாண்டு செய்தவரன்றி மற்றவர்க்கு அவற்றைக் காட்ட இயலாது. சிலம்பக் கூடத்தில் ஆசான் தம் மாணவரை நாள்தோறும் நேரிற் கண்டு, அவருடைய உடல்நிலையையும் வீட்டு நிலையையும் அறிந்து பயிற்றுவித்தார். அவர் மீதிருந்த நம்பிக்கை நீண்ட பழக்கத்தால் விளைந்தது.

ஆயினும், ஆசிரியரின் உடல் அவருடைய உழைப்புக்குச் சான்றாகுமேயன்றி, மாணவரின் உடலைப் பற்றிய அறிவுக்குச் சான்றாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு பளுவைத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. வலிமை மிக்க இளைஞர் அதனைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். இரத்த அழுத்த நோயுள்ள ஐம்பது வயதினர்க்கு அது ஆபத்தாகலாம். நோய்க்காகச் சிலர் உட்கொள்ளும் பீட்டா தடுப்பு மாத்திரைகள் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. எனவே, நாடித்துடிப்பை மட்டும் எண்ணிப் பயிற்சியின் கடுமையை அளப்பது அத்தகையோரிடம் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். இவற்றைக் கண்ணாடி முன் நின்று கற்க இயலாது.

பள்ளி வாயிலில் பிறந்த தகுதி

உடற்பயிற்சி ஆசிரியரைக் கல்வியால் உருவாக்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு நிறுவன வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங் ஆவார். 1813இல் ஸ்டாக்ஹோமில் அவருடைய முயற்சியால் நிறுவப்பட்ட அரச மத்திய உடற்பயிற்சி நிலையத்தில், பயிற்சியோடு உடற்கூற்றியலும் கற்பிக்கப்பட்டது.

காலனித்துவ இந்தியப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படைப்பயிற்சியின் சாயலில் அமைந்திருந்தது. படைத்துறையிலிருந்து ஓய்வுபெற்றோர் பலர் ‘டிரில் மாஸ்டர்’களாகப் பணியாற்றினர். வரிசையில் நிற்கவைத்து ஆணையிடத் தெரிவதே அவர்களுடைய தகுதியாகக் கருதப்பட்டது. இந்நிலையில், 1919இல் சென்னைக்கு வந்த அமெரிக்கரான ஹாரி குரோ பக், அடுத்த ஆண்டே அங்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியை வழிநடத்தியவரும் அவரே. அணியின் வெற்றியை விடவும் அவர் விட்டுச் சென்ற ஆசிரியப் பரம்பரையே நிலைத்த பயன் தந்தது எனல் பொருந்தும்.

சென்னையைத் தொடர்ந்து 1932இல் கல்கத்தாவிலும் 1938இல் பம்பாயின் காந்திவிலியிலும் அரசு உடற்கல்வி நிறுவனங்கள் தோன்றின. விடுதலைக்குப் பின்னர், 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய் கல்லூரி நிறுவப்பட்டு, உடற்கல்வியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு அறிமுகமாயிற்று. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் எழுந்தது. 1993ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்வி மன்றச் சட்டத்தின்படி, உடற்கல்வி ஆசிரியப் படிப்புகளுக்கான நெறிகளை வகுக்கும் அதிகாரம் சட்டமுறை அமைப்பு ஒன்றிடம் சேர்ந்தது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே 2005இல் செயற்படத் தொடங்கியது.

பள்ளியில் இத்தகுதி வேரூன்றியமைக்குக் காரணம் வெளிப்படை. ஆசிரியருக்கு ஊதியமோ பள்ளிக்கு மானியமோ வழங்குவது அரசு. பணம் கொடுப்பவர் சான்றிதழைக் கேட்டார். கேட்டமையால் கல்லூரி வளர்ந்தது. மைதானத்தில் நின்ற ‘பி.டி. வாத்தியார்’ கணித ஆசிரியரைப் போன்றே பணிப்பதிவேட்டில் இடம்பெற்றார்.

மருத்துவமனை வாயிலில் பிறந்த பதிவேடு

உடலைப் பயிற்றும் தொழிலின் மற்றொரு கிளை மருத்துவத்தை நோக்கிச் சென்றது. 1894இல் இலண்டனில் உடல்பிடித்துவிடும் நிலையங்கள் சிலவற்றின் ஒழுக்கக் கேட்டைப் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளிப்படுத்திற்று. நேர்மையாகத் தொழில் செய்த செவிலியர்மீதும் அவப்பெயர் விழுந்தது. அதைப் பொறாத நான்கு பெண்மணிகள் அவ்வாண்டே பயிற்சி பெற்ற உடல்பிடிப்பாளர் சங்கத்தை நிறுவினர். மருத்துவரின் அறிவுரையின்றி யாருக்கும் சிகிச்சை தரலாகாது என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகளுள் ஒன்று. 1920இல் அச்சங்கம் அரச சாசனம் பெற்றது. 1960ஆம் ஆண்டின் சட்டம் இயன்முறை மருத்துவர்க்கு அரசுப் பதிவேட்டை ஏற்படுத்திற்று.

இங்கும் கேட்பார் ஒருவர் இருந்தார். நோயாளியை அனுப்பும் மருத்துவரும், பணியில் அமர்த்தும் மருத்துவமனையும் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்தனர். ஆகவே பதிவேடு பொருளுடையதாயிற்று.

கேட்பார் இல்லாத கூடம்

இவ்விரு வாயில்களுக்கும் வெளியே நின்றது வணிக உடற்பயிற்சிக் கூடம். 1968இல் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் வெளிவந்தது. உடற்பயிற்சி கட்டழகர்க்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறி, அலுவலகப் பணியாளரும் இல்லத்தரசியரும் முதியோரும் கூடங்களை நாடலாயினர். வருவோரின் உடல்நிலை பலவாறாகப் பெருகியபோது பயிற்றுநரின் அறிவும் பெருக வேண்டியதாயிற்று. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 1975இல் சான்றளிப்பைத் தொடங்கியது. இதய நோயர்க்கான பயிற்சித் திட்டங்களை நடத்துவோரை மனத்திற்கொண்டே அது தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டு உடற்பயிற்சித் தொழிலர் பதிவேடு தோன்றிற்று. தேசியத் தொழில்தரங்களின் அடிப்படையில் பயிற்றுநரை அது படிநிலைப்படுத்தியது. கூடத்தில் பொதுவாக வழிகாட்டுவோர் ஒரு படியிலும், தனியாள் பயிற்சி அளிப்போர் அடுத்த படியிலும், நோயுடையோரைப் பயிற்றுவிப்போர் அதற்கு மேற்பட்ட படியிலும் வைக்கப்பட்டனர். இப்பகுப்பு அறிவார்ந்தது; ஆயினும் பதிவு தன்விருப்பமாகவே இருந்தது. பதிவு பெறாதவர் கூடம் நடத்துவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. பின்னர் அரச சாசனம் பெற்ற மற்றொரு தொழில்முறை அமைப்பிடம் இப்பணி சென்றடைந்தது. நம் வட்டாரத்தில் சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் 2003இல் தேசியப் பயிற்றுநர் பதிவேட்டை நிறுவியதும் இக்காலப் போக்கோடு ஒத்ததே. எனினும் அது விளையாட்டுப் பயிற்றுநரை முதன்மையாகக் கருதி எழுந்தது.

தன்விருப்பப் பதிவேட்டின் வலிமை அதைப் பார்ப்பவரின் கையிலேயே உள்ளது. கூடத்தில் கட்டணம் செலுத்துவோர் சான்றிதழைக் கேட்பதில்லை; பயிற்றுநரின் கையின் பருமனைப் பார்க்கின்றனர். சாண்டோவின் காலத்துச் சான்று அங்கு இன்னும் செல்லுபடியாகிறது.

பிரேசில் தந்த பாடம்

அவ்வாறாயின் சட்டத்தால் கட்டாயப்படுத்திவிடலாமா? பிரேசில் அதைச் செய்து பார்த்தது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் இயற்றப்பட்ட 9696ஆம் எண் சட்டம், உடற்கல்வித் தொழிலர் என்னும் பெயரையும் பணியையும் பதிவு பெற்றோர்க்கே உரியனவாக்கிற்று. உடற்கல்விப் பட்டமே பதிவுக்கான முதன்மை வழி. எனினும், சட்டம் வருமுன்னரே தொழில் செய்து வந்தோர் அதனை மெய்ப்பித்துப் பதிவு பெறவும் இடமளிக்கப்பட்டது.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. ஆப்பிரிக்க அடிமை மக்களின் வழிவந்த கப்போயிராக் கலையின் ஆசான்களும், நடனம், யோகம், தற்காப்புக் கலை ஆகியவற்றைக் கற்பிப்போரும் பதிவு பெற வேண்டும் என்று பதிவு மன்றங்கள் கோரின. தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த ஆசானுக்குப் பட்டதாரியின் ஒப்புதல் எதற்கு என்று அவர்கள் கேட்டனர். வழக்குகள் எழுந்தன, அத்தகைய ஆசான்களைப் பதிவுக்குக் கட்டாயப்படுத்த இயலாது என்றே நீதிமன்றங்கள் கருதின. 2022இல் அச்சட்டம் விரிவாகத் திருத்தவும் பெற்றது.

இந்நிகழ்ச்சி தமிழர்க்கு அயலானது அன்று. கப்போயிரா ஆசானின் இடத்தில் சிலம்ப ஆசானை வைத்துப் பார்த்தால், நாளை நம்மிடையே எழக்கூடிய வினா இன்றே புலனாகும்.

இந்திய நிலையும் மொழியும்

இந்தியாவில் 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தின் கீழ், உடற்பயிற்சிக் கூடப் பயிற்றுநர்க்கும் பணித்தரங்கள் வகுக்கப்பட்டன. ஆயினும், அச்சான்றிதழ் இன்றிக் கூடத்தில் பயிற்றுவித்தல் கூடாது என நாடு முழுமைக்குமான கட்டாயச் சட்டம் இல்லை. ஆகவே, ஒரே தெருவில் பள்ளிக்குள் உடற்கல்வி கற்பிப்பவர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். எதிர்ப்புறக் கூடத்தில் நாற்பது கிலோ பளுவை ஒருவரின் தோளில் ஏற்றுபவர்க்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியில் மொழிச் சிக்கல் ஒன்றும் அடங்கியுள்ளது. பன்னாட்டுப் புகழ்பெற்ற சான்றிதழ்களின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பள்ளிக் கல்வியை இடையில் நிறுத்திக் கூடத்தில் வளர்ந்த பயிற்றுநர் ஒருவர் தசைநாரின் இயல்பைக் கைப்பழக்கத்தால் நன்கு அறிந்திருக்கலாம். ஆங்கிலத் தேர்வு அந்த அறிவை அளக்காது. அவரை வெளியேற்றிவிட்டு, நூலை மட்டும் படித்தவரை அவ்விடத்தில் வைப்பது தரத்தை உயர்த்துவதாகாது. ஆங்கிலம் கற்றவர்க்கு அவர் இடத்தைக் கொடுத்ததாகவே முடியும். நெஞ்சுவலி, மயக்கம், மூட்டுநோவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவை பற்றிப் பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய வினாக்களைத் தெளிந்த தமிழில் அமைத்து, அவற்றின் காரணங்களையும் தமிழிலேயே கற்பித்துத் தேர்வு வைக்க இயலும்.

முடிவுரை

பள்ளியில் அரசு கேட்டது. மருத்துவமனையில் மருத்துவர் கேட்டார். ஆகையால் அங்கெல்லாம் தகுதி நிலைபெற்றது. கூடத்தில் கேட்க வேண்டியவர் பயிற்சிக்கு வருபவரே. கேட்கும் அறிவு அவருக்குக் கிடைக்காத வரையில் பதிவேடு வெறும் பெயர்ப்பட்டியலாகவே இருக்கும். சட்டம் ஒன்று வருமாயின், அது பழைய ஆசான்களுக்குக் கற்று நுழையும் வழியைத் திறந்து வைத்தல் வேண்டும் என்பதையும் பிரேசிலின் வரலாறு உணர்த்துகிறது.

‘சாண்டோ’ என்று ஊரார் அன்று அளித்த பட்டம் ஒருவர் தம் உடலை வளர்த்தமைக்கான பாராட்டு. பிறருடைய உடலைக் காப்பதற்கான தகுதி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பது உடற்கல்வி ஆசிரியரின் கடமை மட்டுமன்று; அதற்குரிய சொற்களை மாணவர்க்கு வழங்கும் தமிழாசிரியரின் கடமையும் ஆகும்.