ஒளியும் ஒலியும்: வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

1981 ஆகஸ்ட் 1-இல் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. நாள் முழுக்கப் பாட்டு! அதே எண்பதுகளில் எர்ணாவூர்க்காரர்களுக்கு டிவியில் தமிழ்ப் பாட்டு என்றால் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்தான். சென்னைத் தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்'.

வந்தவை டிவிக்காக எடுத்த வீடியோக்கள் அல்ல, சினிமாப் பாடல் காட்சிகள். 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'மௌன ராகம்' (1986) என்று இளையராஜா பாட்டுகளை ரேடியோவிலும் டீக்கடையிலும் கேட்டுவிடலாம். பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். எந்தப் பாட்டு வருமோ, அதுவும் தெரியாது!

ஆலைத் தொழிலாளர்களும் மீனவர்களும் வாழும் வடசென்னையில் அன்று எல்லா வீட்டிலும் டிவி இல்லை. இருக்கிற வீட்டில் தெருவே கூடும். யார் கூடத்தில் உட்காரலாம், யார் ஜன்னலோடு நிற்க வேண்டும் என்பதையும் அந்த அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. கேபிள் பரவப் பரவ, பாட்டுக்காகக் காத்திருப்பது போனது. அடுத்த வீட்டு ஜன்னலும் தேவைப்படவில்லை. 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று ஏங்குவதில் தப்பில்லை. ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்களையும் கேட்டால்தான் அந்த வரலாறு முழுசாகும்.