நன்னடத்தைப் பதக்கம்

சிலாவத்துறையில் முத்துக் குளித்த நாளில், கடலில் மூழ்கியவன் உயிர் தோணியிற் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. ஒரு கணமும் கடமை தவறாமையே அவன் சிறப்பு. இத்தகைய ஒழுக்கத்தைப் போற்றும் பதக்கம் ஒன்று படைத்துறையில் உண்டு.

நான்காம் வில்லியம் மன்னர் 1830 இல் பிரித்தானியத் தரைப்படைக்கு நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கத்தை நிறுவினார். காலாட்படையினர் 21 ஆண்டும் குதிரைப்படையினர் 24 ஆண்டும் மாசின்றிப் பணியாற்றிப் பெறுதற்குரியது அது. 1870 இல் அக்காலம் 18 ஆண்டாகக் குறைந்தது. வெள்ளி வட்டத்தின் ஒருபுறம் படைக்கலன்களும் அரச சின்னமும் பொறிக்கப்பட்டன. சின்னத்தின் நடுவே இருந்த ஹனோவர் கேடயம், 1837 இல் விக்டோரியா அரசியானபின் நீக்கப்பட்டது. மறுபுறம் சேவையையும் நன்னடத்தையையும் குறிக்கும் வாசகம். விளிம்பிலே பெற்றவன் பெயர்.

நாடாவின் நிறம் செம்மை. பெருவீரத்துக்கென 1856 இல் தோன்றிய விக்டோரியாச் சிலுவையைத் தரைப்படையினர் அணிந்ததும் செந்நாடாவிலேயே. நன்னடத்தை நாடாவுக்கு 1916 இல் வெண்கரை சேரும்வரை, அறுபது ஆண்டுகள் வீரமும் ஒழுக்கமும் ஒரே நிறம் பூண்டிருந்தன.

கயிறு பிடித்தவனுக்குப் பதக்கம் வார்த்தார் எவருமிலர். எனினும், மாணவர்காள், அவனும் அச்செந்நாடாவுக்கு உரியவனே.