ஏட்டில் இடம்பெறாத ஆட்டங்கள்

கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லி மலைக்குரிய ஓரியை வீழ்த்திய செய்தியைச் சங்கச் சான்றோர் பாடினர். அதே கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி வந்து அழித்த செய்தியையும் அவர்களே பாடினர். வெற்றிக்கு ஒரு நாவும் தோல்விக்கு மற்றொரு நாவும் அவர்களிடம் இருக்கவில்லை. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் வரிசை வரிசையாகக் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். ஆநிரை மீட்கச் சென்று களத்திலேயே பட்டு வீழ்ந்தவனுக்கே பெரும்பாலும் கல் எடுக்கப்பட்டது. அவன் பக்கம் வென்றதா, தோற்றதா என்ற வினாவைக் கல் நட்டவர் முதன்மையாகக் கொள்ளவில்லை.

இக்காலத்தின் களம் விளையாட்டுத் திடலே எனலாம். ஆனால் இக்களத்தின் நினைவை வளர்ப்பவர்கள் அப்பண்டை வழக்கைப் பின்பற்றவில்லை. இந்தியக் கால்பந்தாட்ட அணியை நேசிக்கும் ரசிகர்கள் பழங்கதை பேசத் தொடங்கினால் இரண்டு ஆண்டுகளே முதலில் நாவில் வரும். ஒன்று, புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் மேவாலாலின் கோலால் ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்ற 1951. மற்றொன்று, ஜகார்த்தாவில் தங்கம் பெற்ற 1962. இவற்றுக்கு இடையிலும் அப்பாலும் நிகழ்ந்த ஆட்டங்கள், முதிய ரசிகர்கள் சிலரின் நெஞ்சிலும் பழைய நாளிதழ்களின் மடிப்பிலும் மட்டுமே உயிர் வாழ்கின்றன. படச்சுருள் இல்லாத காலத்து ஆட்டத்தைக் கண்டவர் மறைந்தால் ஆட்டமும் மறைந்துவிடும். ஆகவே அவற்றுட் சிலவற்றையேனும் எழுத்தில் நிறுத்துதல் தேவையாகிறது. அவற்றில் தமிழ் மரபினர் பலருக்குப் பங்குண்டு என்பது தமிழ் மன்றத்து மலரில் இதனைப் பேசுதற்குரிய காரணமாகும்.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள். விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத நாட்டின் அணி, லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டை எதிர்கொண்டது. களம், இல்ஃபோர்டில் உள்ள கிரிக்கிள்ஃபீல்டு திடல். விடுதலை இந்தியாவின் முதல் பன்னாட்டு ஆட்டம் இதுவே. அணித்தலைவர் நாகர் இனத்தவரான டாக்டர் தாலிமெரன் ஆவ். வீரர்களுட் பெரும்பாலோர் காலணி அணியாது வெறுங்காலுடன் ஆடினர். முதற் பாதியில் பிரான்சு ஒரு கோல் போட்டது. எழுபதாம் நிமிடத்தில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியர் ஒருவர் போட்ட முதல் கோல் அது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருந்த வேளையில் பிரான்சு மீண்டும் கோல் போட்டு 2–1 என வென்றது. இந்தியாவுக்கு அன்று இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன. சைலன் மன்னா ஒன்றையும் மகாவீர் பிரசாத் ஒன்றையும் தவறவிட்டனர்.

இரண்டில் ஒன்று வலைக்குள் விழுந்திருந்தாலும் இந்த ஆட்டத்தின் பெயர் பாடநூலில் இருந்திருக்கும். விழவில்லை. அதனால் எஞ்சியது ஒரு துணுக்கு மட்டுமே: மன்னர் ஆறாம் ஜார்ஜ், மன்னாவின் கால்கள் இரும்பால் ஆனவையோ என வியந்தார் என்னும் கதை. கதை நாடெங்கும் பரவியது. ராமனின் கோலை நினைவுகூர்வார் இல்லை. அரண்மனையின் வியப்பு ஒரு தமிழ்ப் பெயரை மறைத்துவிட்டது எனில் அது மிகையன்று.

வெறுங்கால் பற்றிய பேச்சு வேறொரு தீங்கையும் விளைத்தது. 1950ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றும் செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி கிடைக்காமையே காரணம் என்று இன்றும் பலர் சொல்கின்றனர். அது பிற்காலத்தார் கட்டிய சாக்கு என்பதை மன்னாவே பின்னாளில் கூறியுள்ளார். நெடிய கடற்பயணம், பயிற்சிக்குப் போதிய காலமின்மை, அணித்தேர்வில் உடன்பாடின்மை ஆகியவற்றோடு, ஒலிம்பிக்கைவிட உலகக் கோப்பையைச் சிறிதாக எண்ணிய கூட்டமைப்பின் பார்வையும் சேர்ந்தே அம்முடிவை விளைத்தன. 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்ற பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் ஓரளவு அறியப்பட்டதே. டிசம்பர் 1ஆம் நாள் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் இந்தியா 4–2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதன்முறை. அம்மூன்றும் நூல்களில் உண்டு. நான்காவது கோலைப் போட்ட ‘கிட்டு’ என்னும் கிருஷ்ணசாமியின் பெயரை எத்தனை ரசிகர் அறிவர்? அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதலில் கோல் போட்டு முன்னிலை பெற்றது என்பதும், பின்னர் 4–1 என்ற முடிவில் மூழ்கிப் போயிற்று.

மறக்கப்பட்டவற்றுள் தலையாயது எதுவெனில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களைச் சுட்டலாம். ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகியவற்றோடு ஒரே பிரிவில் இந்தியா இடம்பெற்றது. புள்ளிப் பட்டியலை மட்டும் நோக்குவார்க்கு இந்தியா கடைசி இடம். ஒரே ஒரு புள்ளி. பட்டியல் அதோடு நின்றுவிடுகிறது. ஆட்டங்களைத் தனித்தனியே நோக்கினால் தோன்றும் காட்சி வேறு.

ஹங்கேரி அப்போது உலகின் முன்னணி அணிகளுள் ஒன்று. பிற்காலத்தில், 1967இல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபுளோரியான் ஆல்பர்ட் அவ்வணியில் இருந்தார். அவ்வணி பெருவை 6–2 என்றும், பிரான்சை 7–0 என்றும் நொறுக்கியது. இந்தியாவை வென்றதோ 2–1 என்ற அளவில்தான். இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் துளசிதாஸ் பலராம். அடுத்து பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் அணித்தலைவர் பி. கே. பானர்ஜி கோல் போட, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பிரான்சு ஈடு செய்து 1–1 எனத் தப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இல்ஃபோர்டில் இறுதி நேரத்தில் கைநழுவியது, இத்தாலியிலும் இறுதி நேரத்திலேயே கைநழுவிற்று. பெருவிடம் 3–1 எனத் தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலும் பலராமுடையது. அதன்பின் இன்றுவரை இந்தியக் கால்பந்தாட்ட அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை.

பலராம் 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரும் அக்காலத்து முன்வரிசையின் முப்பெரும் தூண்களாகக் கருதப்பட்டனர். நோய் காரணமாக இருபத்தேழு வயதளவிலேயே அவர் களத்தை விட்டு விலக நேர்ந்தது. மற்ற இருவர்க்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைத்தது 1962இன் அர்ஜுனா விருது மட்டுமே. மூவரில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு எழுதும் வழக்கம் விருதுகளோடு நில்லாமல் வரலாற்று எழுத்திலும் தொற்றிக்கொண்டது வருந்தத்தக்கது. அவர் 2023 பிப்ரவரி 16ஆம் நாள் கொல்கத்தாவில் காலமானார்.

ஜகார்த்தா 1962 அனைவரும் அறிந்ததாயிற்றே எனலாம். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமைப் பற்றி 2024இல் வந்த ‘மைதான்’ திரைப்படம் அதனை இளந்தலைமுறைக்கும் கொண்டு சேர்த்தது. எனினும் நினைவில் நிற்பது செப்டம்பர் 4ஆம் நாளின் இறுதி ஆட்டம் மட்டுமே. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் அரங்கத்தினர் இந்தியரை வெறுத்துக் கூச்சலிட, தென்கொரியாவை 2–1 என வென்ற ஆட்டம் அது. அதற்கு முன், இதே தென்கொரியாவிடம் 2–0 எனத் தோற்றுத்தான் இந்தியா தொடங்கியது. அதன்பின் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்ட தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை, ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். அம்மாற்றம் பலித்தது தென்வியட்நாமுடனான அரையிறுதியில். ஜர்னைல் ஒன்று, கோஸ்வாமி இரண்டு என 3–2 வெற்றி. ஒரு கோல் மாறியிருந்தால் இறுதி ஆட்டமே இல்லை; தங்கமும் இல்லை. அந்த அரையிறுதியைப் பேசுவோர் அரியர்.

அத்தொடரில் காய்ச்சலால் நலிவுற்றிருந்து இறுதி ஆட்டத்தில் மீண்டும் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். கொரியர் உயரப் பந்துகளை நம்பி ஆடுவர் என்பதால், ஆறடிக்கு மேல் உயர்ந்த அவரையே ரஹீம் நிறுத்தினார். தங்கராஜின் கால்பந்து வாழ்வு மலர்ந்தது நீலகிரியில், வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் என்பது தமிழகத்தார் மறந்த செய்தி. முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கிக் கோல் காவலராக மாறியவர் அவர். 1888இல் தொடங்கிய பழம்பெரும் டியூரண்ட் கோப்பையை அம்மையத்தின் அணி இருமுறை வென்றது. 1955இல் விமானப்படை அணியை 3–2 என்றும், 1958இல் கூர்க்கா படைப்பிரிவை 2–0 என்றும் வீழ்த்தியது. கொல்கத்தாவின் பெருங்கழகங்கள் கோலோச்சிய காலத்தில், நீலகிரிக் குளிரில் பயிற்சி பெற்ற படைவீரர்கள் தில்லியில் பெற்ற வெற்றிகள் இவை. வங்காளத்திற்கு மோகன் பகான் 1911 எவ்வளவோ, தமிழகத்திற்கு வெலிங்டன் 1955 அவ்வளவாக இருந்திருக்கலாம். பாடுவார் இல்லாமையால் இல்லாது போயிற்று.

தங்கராஜின் தலைமையில் 1960–61இல் படைத்துறை அணி சந்தோஷ் கோப்பையையும் வென்றது. அதன்பின் அவ்வணி அக்கோப்பையைத் தொட அரை நூற்றாண்டு ஆயிற்று. 2012 மே மாதம் கட்டாக்கில் அந்தக் காத்திருப்பு முடிந்தது. இறுதியில் 3–2 எனத் தோற்றது தமிழ்நாடு! வெலிங்டனில் வளர்ந்தவர் ஒருமுறை வென்று தந்த கோப்பையை, தமிழகத்தைத் தோற்கடித்தே படைத்துறை அணி மறுமுறை பெற்றது. கட்டாக்கில் ஆடிய தமிழ்நாட்டு அணியின் பெயர்களைச் சொல்லக் கேட்டால் தமிழ்நாட்டு ரசிகர்களே தடுமாறுவர்.

பந்து என்றவுடன் தமிழ் இலக்கியம் மகளிரையே நினைக்கிறது. சிலப்பதிகாரத்தின் கந்துக வரியும், பெருங்கதையின் பந்தடி கண்ட காதையும் பெண்டிர் கைப்பந்தாடியதைச் சிறப்பிப்பன. காற்பந்துக்கு வந்தபோது அம்மரபு தலைகீழாயிற்று. மகளிர் ஆடிய ஆட்டங்கள் மறக்கப்பட்டன என்பதைவிட, அவை அறியப்படவே இல்லை என்பதே பொருந்தும்.

கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் விழுப்புரத்தோடு சேர்ந்து, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாயிற்று. பழைய தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில், 2004 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட குடும்பத்துச் சிறுமியர் சிலர் கால்பந்துப் பயிற்சி பெற்று நாட்டின் அணிவரை உயர்ந்தனர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே இந்திய அணியிலும் ஆடினார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசிய மகளிர் போட்டியின் அரையிறுதியில் வங்கதேசத்தை இந்தியா 4–0 என வென்றபோது, அந்நான்கில் இரண்டு அவருடையவை. ஆடவர் ஒருவர் இவ்வாறு போட்டிருந்தால் நாளிதழின் முதற்பக்கத்தில் படம் வந்திருக்கும்.

தேசிய மகளிர் போட்டி 1991இல் தொடங்கிய நாள் முதல், மணிப்பூரின் முற்றுரிமை என்றே அக்கோப்பை கருதப்பட்டது. 2018 பிப்ரவரியில் கட்டாக் பாராபதி அரங்கில் அதே மணிப்பூரைத் தமிழ்நாட்டு மகளிர் 2–1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றனர். ஆறாண்டுகளுக்கு முன் ஆடவர் தோற்ற அதே நகரம் அது. தற்செயலாய் வந்த வெற்றி என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். 2023 ஜூன் 28, புதன்கிழமை, அமிர்தசரசில் அரியானாவை அதே 2–1 கணக்கில் வீழ்த்தி அவர்கள் கோப்பையை மீண்டும் தமிழகத்திற்குக் கொணர்ந்தனர்.