பொதுப்பெட்டியும் இரண்டு கணக்குப் புத்தகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பி.காம் படிக்கிறவன் எழுதும் கணினி வரலாறு. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கொஞ்சம் பொறுத்தருளவும் :-)

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40 மணிக்கு தேசிய பங்குச்சந்தையில் வர்த்தகம் நின்றது. வழக்கமாக 3.30-க்குக் கடையைக் கட்டுபவர்கள், அன்று 3.45-க்குத்தான் மறுபடி திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். மறுநாள் எஃப் அண்ட் ஓ மாதக் கணக்கு முடிகிற நாள் வேறு. எத்தனை பேர் வயிற்றில் புளி கரைந்திருக்கும்!

பிறகு என்எஸ்இ கொடுத்த விளக்கம்தான் சுவாரசியம். இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் இணைப்பு வைத்திருந்தார்கள். இரண்டுமே தடுமாறின. அதன் விளைவாக, எல்லா சர்வர்களும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. சர்வர்களால் அதை எட்ட முடியவில்லை. ரிஸ்க் மேனேஜ்மென்ட், செட்டில்மென்ட் எல்லாம் அதோடு படுத்துவிட்டன.

எதையும் இரண்டாக வைத்திருக்கிற இடத்தில் எப்படி இது நடக்கும்? இதற்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்கு இந்த வரலாறு கிடைத்தது.

ஒரே கணினிக்குள் பல மாயக் கணினிகளை ஓட்டும் வித்தை பழையது. ஆனால் 2003-ல் விஎம்வேர் ஒரு புது வேலை காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் மாயக் கணினியை அணைக்காமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். 2006-ல் அடுத்த படி: ஒரு சர்வர் செத்தால், அதிலிருந்த மாயக் கணினிகள் பக்கத்து சர்வரில் தானாக எழுந்துகொள்ளும். நிபந்தனை ஒன்றுதான். டிஸ்க் இந்த சர்வரிலும் இருக்கக்கூடாது, அந்த சர்வரிலும் இருக்கக்கூடாது. இருவருக்கும் பொதுவாக வெளியே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டி விலை லட்சங்களில். வீட்டில் சர்வர் வைத்து விளையாடுகிறவனுக்கு அது கனவு. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பெட்டியே போய்விட்டால்? இரட்டை மாடு பூட்டியும் அச்சாணி கழன்ற கதைதான்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்தபோது, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக 4,096 பிராசஸர்கள் கொண்ட 'தண்டர்' என்ற சூப்பர் கணினியைக் கட்டியதில் முக்கியப் பங்கு இவருக்கு. 2004-ல் உலகத்தின் இரண்டாவது வேகமான கணினி அது. ஆயிரத்துச் சொச்சம் சாதாரண சர்வர்களைச் சேர்த்துக் கட்டியது. கணக்குப் போடும் சக்தியை அப்படிச் சேர்க்க முடியுமென்றால் டிஸ்க்கையும் அப்படிச் சேர்க்க முடியாதா என்பது அடுத்து வரவேண்டிய கேள்விதானே!

2005-ல் தொடங்கிய அவருடைய நிறுவனம் உருவாக்கியதுதான் க்ளஸ்டர் எஃப்எஸ். 'க்னூ', 'க்ளஸ்டர்' இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். தமிழில் எழுதினால் ஒட்டியதே தெரியாது, க-வுக்கு இரண்டு ஒலி இருப்பதன் பலன்! எழுதியவர்களில் பலர் பெங்களூரில் இருந்தவர்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல தலைமைக் குமாஸ்தா கிடையாது. கோப்பின் பெயரை வைத்தே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். ஒரே கோப்பை இரண்டு கணினியில் எழுதி வைக்கவும் சொல்லலாம். விலை? இலவசம். லட்ச ரூபாய்ப் பெட்டி செய்ததை இரண்டு பழைய கணினிகள் செய்யலாம் என்றானது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் சுமார் 13.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

ஆனால் 'இரண்டு' என்பதில்தான் வில்லங்கமே. காமர்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை, ஊருக்கு வெளியே குடோன். இரண்டு இடத்திலும் ஒரே ஸ்டாக் புத்தகத்தின் நகல். கடையில் எழுதியதும் போன் போட்டு அங்கேயும் எழுதச் சொல்வார்கள். ஒருநாள் போன் செத்துவிட்டது. கடைசி பத்து மூட்டை துவரம்பருப்பைக் கடைக்காரர் ஒருவருக்கு விற்கிறார், குடோன்காரர் வேறொருவருக்கு விற்கிறார். போன் வந்தபிறகு எந்தப் புத்தகம் சரி? இரண்டுமே சரி, அதனால் இரண்டுமே தப்பு. நாமாவது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தூக்கிப் போட்டுத் தப்பிப்போம். கணினிக்கு அந்த வசதி இல்லை, கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். இதற்கு 'ஸ்ப்ளிட் பிரெய்ன்' என்று பெயர். கம்பி அறுந்தால், மற்றவன் செத்துவிட்டானா, பேச்சுத்தான் அறுந்ததா என்று இருவருக்குமே தெரியாது என்பதுதான் ஆணிவேர்.

தீர்வு மூன்றாவது ஆள். பெரும்பான்மை யார் பக்கமோ அவர் மட்டும் எழுதலாம், தனித்து விடப்பட்டவர் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். 2015-ல் க்ளஸ்டர் எஃப்எஸ் 3.7-ல் 'ஆர்பிட்டர்' வந்தது. மூன்றாவது கணினியில் முழு நகல் வேண்டாம், கோப்பின் பெயரும் விவரமும் மட்டும் போதும். பஞ்சாயத்துக்காரருக்கு எதற்குக் குடோன்?

இவ்வளவு செய்தும் க்ளஸ்டர் எஃப்எஸ் நிலைக்கவில்லை. ரெட் ஹாட்டே 2014-ல் 17.5 கோடி டாலருக்கு இங்க்டேங்கை, அதாவது போட்டியாளரான செஃப்பை, வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்! 2024 டிசம்பர் 31-ல் ரெட் ஹாட் க்ளஸ்டர் ஸ்டோரேஜின் ஆதரவு முடிந்தது. வீட்டு சர்வர்காரர்களின் செல்லமான பிராக்ஸ்மாக்ஸும் 2025 ஆகஸ்டில் வந்த 9-ம் பதிப்பில் அதைக் கைவிட்டது. நிரல் திறந்தே கிடக்கிறது, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் குறைவு. என் கண்ணில் இது வருத்தமான வரலாறு. ஒரு நல்ல விஷயம்: துண்டுபோடும் வசதியை இயக்காமல் வைத்திருந்தவர்களுக்குக் கோப்புகள் டிஸ்க்கில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும், நேராக நகலெடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

எங்கள் வீட்டு மாடியில் இப்போது இரண்டு பழைய ஆபீஸ் கணினிகள், ஓட்டுப் போட மட்டும் ஒரு ராஸ்பெரி பை, எல்லாம் இன்வெர்ட்டரில். (2012 பவர்கட்டை சிறுவயதில் பார்த்தவன், இன்வெர்ட்டரை விடமாட்டேன்.) பொதுப்பெட்டியே கிடையாது. ஒன்றின் டிஸ்க்கை மற்றது அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ளும். பிராக்ஸ்மாக்ஸில் அதற்கான வழக்கமான இடைவெளி 15 நிமிடம். கணினி செத்தால் கடைசி 15 நிமிட வேலை போகலாம்.

என்எஸ்இ சம்பவத்துக்கு அடுத்த மாதம் செபி பங்குச்சந்தைகளுக்குப் போட்ட விதியைப் படித்தால் சிரிப்பு வந்தது. கோளாறு நடந்த 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டும், தகவல் இழப்பு அதிகபட்சம் 15 நிமிடம். அதை ஒத்திகை பார்க்கத்தான் 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, சந்தையைத் திறந்து முதல் பாதியை வழக்கமான இடத்திலிருந்தும் மறுபாதியை மாற்று மையத்திலிருந்தும் நடத்தினார்கள். 15 நிமிடத்தில் நானும் அவர்களும் சமம். 45 நிமிடத்தில் நான் ஜெயிப்பேன், எனக்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.