எல்லா வலியும் ஷெல் காயத்தால் வருவதில்லை

கை, கால் வலி என்று வரும் எங்கள் மக்கள் முதலில் காட்டுவது பழைய காயத்தைத்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் காயமே படாத காலில் தோல் இறுகி, மூட்டு மடங்காமல் போனால், வைத்தியன் என்ற வகையில் நான் வேறு காரணத்தையும் தேடுவேன். அவற்றுள் மிக அரிதான ஒன்று மெலோரியோஸ்ரோசிஸ்.

1922 இல் பிரெஞ்சு வைத்தியர்களான லேரியும் ஜொவானியும் இதனை விபரித்தார்கள். ஏறத்தாழ பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு இது வருகிறது. எரியும் மெழுகுதிரியின் ஒரு பக்கத்தில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல, என்பின் ஒரு பக்கம் தடித்திருப்பது எக்ஸ்றேயில் தெரியும். அநேகமாக ஒரு கை அல்லது ஒரு காலே பாதிக்கப்படும்.

என்போடு இது நிற்பதில்லை. அதன் மேலுள்ள தோல் தடிக்கும். தசையும் தசைநாணும் சுருங்கும். பிள்ளைகளில் என்பு மாற்றம் தெரிய முன்னரே இந்த இறுக்கம் தொடங்கலாம். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவும் வளரலாம்.

குண்டுவெடிப்பில் சிதைந்த தசைக்குள்ளும் புதிய என்பு உருவாவதுண்டு. ஆனால் அது காயப்பட்டுச் சில வாரங்களிலோ மாதங்களிலோ, காயத்தைச் சுற்றியே வளரும். மெலோரியோஸ்ரோசிஸுக்குக் காயம் தேவையில்லை. இரத்தப் பரிசோதனையில் கல்சியம், பொஸ்பரஸ் அளவுகள் வழமையாகவே இருக்கும். அதனால் சாதாரண எக்ஸ்றேதான் முதற் சாட்சி. தேவைப்பட்டால் சீ.ரி. ஸ்கான் எடுப்பார்கள். புற்றுநோயோ என்ற சந்தேகம் தீராதபோது என்பில் சிறு துண்டெடுத்துப் பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் ஷெல் துண்டு இருப்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

இது புற்றுநோய் அல்ல. பலரில் பாதிக்கப்பட்ட என்பில் மட்டும் எம்.ஏ.பி.2.கே.1 என்ற மரபணு மாறியிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018 இல் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் வகையானதல்ல. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனாலும் வலிநிவாரணி, இயன்மருத்துவப் பயிற்சி, சிலருக்குச் சத்திரசிகிச்சை என்பன உதவும். மூட்டு நிரந்தரமாக மடங்கிப்போக முன்னர் பயிற்சியைத் தொடங்குவதே முக்கியம்.

ஆகவே, வலியைப் போரின் கணக்கில் எழுதிவிட்டுப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். காயமில்லாத இடத்தில் இறுக்கம் கூடிவந்தால், ஓர் எக்ஸ்றே எடுத்துக் காட்டுங்கள்.